அந்த வேலியில் ஏறுகிறவர்களுக்கு முகம் இல்லையா?

ஒற்றைப்பனை:
நேற்று இரவு பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பார்டர்ஸ்' பாட்டு வீடியோவை மறுபடியும் பார்த்தேன். 2015 நவம்பரில் அது வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது நெருடுகிறது. அதனால்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், பத்துப் பதினொரு வயதில் அகதியாக லண்டன் திரும்பினார். இந்த வீடியோவை அவரே இயக்கினார். கூட்டம் கூட்டமாக ஆண்கள் ஓடுகிறார்கள், உயரமான கம்பிவேலியில் ஏறுகிறார்கள், படகுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே இவர் பாடுகிறார். எல்லை, அரசியல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இதெல்லாம் என்ன சங்கதி?' என்று கேட்கிற பாட்டு.

என் குறை இதுதான். அத்தனை பேரில் ஒருவருடைய முகம்கூட எனக்கு மனதில் நிற்கவில்லை. வாய் அசைவது பாடகிக்கு மட்டும். மற்றவர்கள் வால்பேப்பர் மாதிரி. அகதிக்காகப் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு அகதியைக் கோலப்புள்ளியாக வைத்தால் என்ன நியாயம்?

கடலோடி:
அண்ணா, அது எந்த வருடம் என்று மறந்துவிட்டீர்கள். 2015 ஜூலையில் பிரிட்டன் பிரதமர் கேமரூன் டிவி பேட்டியில் மத்தியதரைக் கடலைத் தாண்டி வருகிறவர்களை 'ஸ்வார்ம்' என்றார். தேனீக்கும் வெட்டுக்கிளிக்கும் சொல்கிற வார்த்தை. செய்திச் சேனல்களும் கூட்டத்தைத்தான் காட்டின. செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒரு சின்னப் பையன் குப்புறக் கிடந்த போட்டோ வந்த பிறகுதான் உலகத்துக்கு ஒரு முகம் தெரிந்தது. அதுவும் எத்தனை நாளைக்கு?

எம்.ஐ.ஏ. அந்த 'ஸ்வார்ம்' என்ற சொல்லையே எடுத்து, 'சரி, கூட்டமா? இதோ பார் கூட்டம்' என்று திருப்பிக் காட்டுகிறார். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. வரிசையாக, அமைதியாக, ஒரு சிற்பம் மாதிரி நிற்கிறார்கள். பயமுறுத்தக் காட்டிய படத்தை அழகாகக் காட்டினால் அதுவே பதில்தானே.

ஒற்றைப்பனை:
அழகாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பிரச்சினையே.

கட்டிங்பேஸ்ட்:
நான் ஆல்பம் பாட்டுகளுக்கு எடிட் பண்ணுகிறவன். தொழில் புத்தியில் ஒன்று சொல்கிறேன். இந்த வீடியோவை மியூட் பண்ணிப் பாருங்கள்.

மியூசிக் வீடியோ என்றாலே நடுவில் பாடகர், பின்னால் குரூப் டான்ஸர்ஸ். கண்ணுக்கு இது பழகிப்போன ஏற்பாடு. நம் ஊர் சினிமாப் பாட்டிலிருந்து அமெரிக்கப் பாப் வரை அப்படித்தான். இங்கே அந்த இடத்தில் நாற்பது ஐம்பது பேரை உட்கார வைத்து, ஒருவரையும் ஆட விடவில்லை. பீட் அடிக்கிறது, கண் ஆட்டத்தை எதிர்பார்க்கிறது, யாரும் அசைவதில்லை. வைட் ஷாட் நம் பொறுமைக்கு மேல் நிற்கிறது. அந்தச் சங்கடத்தை அவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார். ஆடச் சொல்லியிருந்தால் நீங்கள் சொல்கிற வால்பேப்பர் ஆகியிருக்கும்.

ஒற்றைப்பனை:
நல்ல பாயின்ட். ஆனால் டான்ஸர் நின்ற இடத்தில்தானே அகதியை நிறுத்தியிருக்கிறார்? டான்ஸருக்காவது யூனியன் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு ஷாட்டில் வேலி மேல் ஆட்கள் தொற்றிக்கொண்டு நிற்கிற நிற்பில் 'லைஃப்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. எல்லாரும் அதைத்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டார்கள். யோசித்துப் பாருங்கள், வேலியில் தொங்குகிறவனுக்கு அந்தச் சொல் தெரியாது. தன் முழங்கையும் பக்கத்தில் இருப்பவன் குதிகாலும்தான் தெரியும். அதைப் படிக்க வேண்டுமானால் வேலியைவிட்டுத் தள்ளி, பத்திரமான இடத்தில் நிற்க வேண்டும். அங்கே நிற்பது கேமராவும் நாமும்தான்.

கட்டிங்பேஸ்ட்:
எந்தப் படத்தை எடுத்தாலும் கேமரா வெளியில்தான் நிற்கும் பாஸ். வேலி மேல் ஏறியா எடுப்பார்கள்?

ஒற்றைப்பனை:
ஏறி எடுக்கலாமே. நியூஸ்காரர்கள் படகுக்குள் உட்கார்ந்தே எடுத்திருக்கிறார்கள்.

தேன்குழல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த வீடியோவைப் பார்த்து உண்மையில் கோபப்பட்டது யார் தெரியுமா? பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கால்பந்து கிளப். அப்போது அவர்களுடைய ஜெர்சியில் விமான கம்பெனி விளம்பரமாக 'ஃப்ளை எமிரேட்ஸ்' என்று இருந்தது. எம்.ஐ.ஏ. அதை 'ஃப்ளை பைரேட்ஸ்' என்று மாற்றிப் போட்டுக்கொண்டு பாடுவார். பறக்கிறவனுக்குப் பாஸ்போர்ட், மிதக்கிறவனுக்குக் கடற்கொள்ளைக்காரன் பட்டம். ஒரே ஒரு சட்டை! வீடியோவை எடுக்கச் சொல்லி கிளப் எழுதிய கடிதத்தை 2016 ஜனவரியில் அவரே வெளியே போட்டார். வேலிக்கும் படகுக்கும் வராத கோபம் ஜெர்சிக்கு வந்தது.

ஒற்றைப்பனை:
சட்டை விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. அது அவர் உடம்பு, அவர் போட்டுக்கொண்டது.

மணல்திட்டு:
எல்லாரும் அகதி, அகதி என்று கதைக்கிறீர்கள். நான் ஒரு ஆள் இருக்கிறேன், சொல்கிறேன்.

1990இல் எனக்கு ஒன்பது வயது. மன்னார்ப் பக்கத்திலிருந்து இரவு படகு ஏறினோம். படகுக்காரர் எங்களைக் கரைக்குக் கொண்டுபோய் விடவில்லை. தனுஷ்கோடிக்கு முன்னால் கடலுக்குள் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, 'இதுதான் இந்தியா' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். விடிந்து பார்த்தால் நான்கு பக்கமும் தண்ணீர். மத்தியானம் வேறொரு படகு வந்து ஏற்றிப்போனது. அப்புறம் மண்டபம் முகாம்.

முகாமுக்கு ஒருமுறை கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். எந்த டிவி என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு வரிசையை எடுக்க வந்தவர்கள், வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தரம் நிற்கச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்த வெறும் தட்டோடு நாங்கள் மறுபடி நின்றோம். கேமரா கிட்ட வந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மூட வேண்டாம் என்று அந்த ஆள் கையைக் காட்டினார். அம்மா எடுக்கவில்லை.

ஒற்றைப்பனை அண்ணா, முகத்தைக் காட்டினால்தான் மரியாதை என்று நீங்கள் சொல்கிறீர்கள். எங்களிடம் அவர்கள் எடுக்க வந்ததே முகத்தைத்தான். அழுகிற முகம். 'பார்டர்ஸ்'இல் ஒருவரும் அழவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒற்றைப்பனை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் அம்மா மூடியது அவருடைய முடிவு. வீடியோவில் இருப்பவர்களை இப்படி இரு என்று ஒருவர் சொல்லித்தான் இருக்க வைத்திருக்கிறார், இல்லையா?

மணல்திட்டு:
ஓம், அது உண்மை. என் குறை வேறே. பெண்கள் எங்கே? பிள்ளைகள் எங்கே? எங்கள் படகில் பாதிக்கு மேல் பெண்களும் சின்னப் பிள்ளைகளும். ஒரு ஆச்சி கோழிக்கூடு கொண்டுவந்தார். படகுக்காரர் அதைக் கடலில் எறியச் சொல்லிப் பெரிய சண்டை. இந்த வீடியோவில் ஒரு பை கிடையாது, ஒரு பானை கிடையாது. எம்.ஐ.ஏ. மட்டும்தான் பெண்.

கடலோடி:
அதற்கும் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் அப்போது 'வருகிறவர்கள் எல்லாம் வாட்டசாட்டமான வாலிபர்கள், இவர்களா அகதிகள்?' என்றுதான் எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். பெண்ணையும் குழந்தையையும் வைத்தால் யாருக்கும் இரக்கம் வந்துவிடும். இரக்கமே வராத ஆளை வைத்துக் கேட்கிறார்: இவன் மனிதன் இல்லையா?

ஒற்றைப்பனை:
தோழரே, எதைக் கேட்டாலும் 'வேண்டுமென்றே செய்தார்' என்கிறீர்கள். அப்படியென்றால் அவர் தப்பே செய்ய முடியாது.

'பேட் கேர்ள்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் வந்தது. இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓடுகிற காரின் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து நகத்தை ராவிக்கொண்டிருப்பாரே, அது. சவூதிப் பெண்களுக்குக் கார் ஓட்ட உரிமை கேட்டு எடுத்த வீடியோ என்று உலகமே கொண்டாடியது. படம் பிடித்தது மொராக்கோவில், வார்சாசாத்தில். மொராக்கோவில் பெண்கள் கார் ஓட்டத் தடையே கிடையாது! சவூதிப் பையன்களின் கார் சாகசம், மொராக்கோப் பாலைவனம், அரபு உடை, மூன்றையும் குழைத்து 'அரபு நாடு' என்று ஒன்றைச் செய்துவிட்டார்கள். வெள்ளைக்கார டைரக்டர் செய்தால் திட்டுவோம். நம்ம ஆள் என்பதால் விசில்.

தேன்குழல்:
டைரக்டர் வெள்ளைக்காரர்தான் சார், ரோமன் கவ்ராஸ்.

ஒற்றைப்பனை:
அப்போ திட்டலாம்.

கட்டிங்பேஸ்ட்:
அந்த நகம் ராவுகிற ஷாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். கார் சாய்ந்து ஓடுகிறது, அதன் மேல் ஒரு பெண் போரடித்து உட்கார்ந்திருக்கிறாள். சவூதியில் 2018 ஜூனில் தடை நீங்கியதே, அது இந்த ஷாட்டால் இல்லை, அங்கே ஜெயிலுக்குப் போன பெண்களால். ஆனால் தடையை இதைவிடக் கிண்டலாக யாரும் படமாக்கவில்லை. எம்.டி.வி. விருதில் இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் இதற்குத்தான் கிடைத்தன.

ஒற்றைப்பனை:
எனக்கு அவருடைய வீடியோக்களில் நேர்மையானதாகத் தெரிவது 'பார்ன் ஃப்ரீ'. அதுவும் கவ்ராஸ்தான், 2010. அமெரிக்கக் கொடி குத்திய ஆயுதப் படை வீடு புகுந்து செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் இழுத்துப் போகிறது. பாலைவனத்தில் இறக்கி, கண்ணிவெடி நிலத்தில் ஓட விடுகிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஈழம் என்ற சொல் எங்கும் இல்லை, எம்.ஐ.ஏ.வும் திரையில் இல்லை. பாடகி தன்னை எடுத்துவிட்டார், நம் தோலின் நிறத்தையும் எடுத்துவிட்டார். செம்பட்டை முடிக்காகவா கொல்வார்கள் என்று வெள்ளைக்காரப் பார்வையாளன் சிரிக்கப் போகும்போதே சுடுகிறார்கள். அந்தச் சிறுவனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'பார்டர்ஸ்'இல் எனக்குக் கிடைக்காத முகம் அது.

கடலோடி:
அந்த முகம் நினைவிருப்பதற்குக் காரணம், அவன் தலையில் சுட்டுச் சாய்வதை குளோசப்பில் காட்டினார்கள். யூடியூப் அதைத் தடுத்து மறைத்து வைத்தது. முகம் வேண்டும் என்றால் அந்த விலை கொடுக்க வேண்டுமா? ஐந்து வருடம் கழித்துத் தானே இயக்கும்போது அவர் ஒருவரையும் கொல்லவில்லை. நான் அதை வளர்ச்சி என்பேன்.

மணல்திட்டு:
'பார்ன் ஃப்ரீ' நான் முழுதாகப் பார்த்ததில்லை. பஸ்ஸில் ஏற்றுகிற இடத்தில் நிறுத்திவிடுவேன்.

கட்டிங்பேஸ்ட்:
மணல்திட்டு அண்ணா, இந்த இழையை வீட்டில் யாருக்காவது காட்டினீர்களா?

மணல்திட்டு:
அம்மா இங்கே திருச்சியில் என்னோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. நேற்று 'பார்டர்ஸ்'ஐ ஃபோனில் போட்டுக் காட்டினேன். பாட்டு இரைச்சலாக இருக்கிறது, சத்தத்தைக் குறை என்றார். வேலியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து வருகிறது என்று நான் காட்டியும் அவருக்குப் பிடிபடவில்லை. படகு வந்ததும் ஃபோனை வாங்கிக் கிட்ட வைத்துப் பார்த்தார். திருப்பிப் போடச் சொன்னார். இரண்டு தரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால், தண்ணி யார் இறைக்கிறது?'

கட்டிங்பேஸ்ட்:
மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு வாளிகூட இல்லை.

ஒற்றைப்பனை:
உங்கள் படகில் யார் இறைத்தார்கள்?

மணல்திட்டு:
அம்மாதான். பால்மா டின்னில்.