12 எல்இடி பார், 4 ஹேலஜன், 35,000 ரூபாய்: நாடகத்துக்கு எந்த லைட் போர்டு?

திண்ணைமேடை:
வணக்கம் தோழர்களே. எங்கள் குழு பெரும்பாலும் பள்ளி அரங்கு, கல்லூரி செமினார் ஹால், சில நேரம் திறந்தவெளியில் நாடகம் போடுகிறது. சொந்தமாக இருப்பவை: 54×3 வாட் ஆர்ஜிபிடபிள்யூ (சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை) எல்இடி பார் விளக்கு 12 (8 சேனல் மோடு, அதாவது ஒரு விளக்குக்கு 8 தனிக் கட்டுப்பாடு), பார் 64 ஹேலஜன் 1000 வாட் 4, ஹேலஜன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 6 சேனல் டிம்மர் பேக் ஒன்று. விளக்குகளை இயக்கும் போர்டு மட்டும் வாடகை, வருவது எப்போதும் டிஸ்கோ 240. புது நாடகம் 90 நிமிடம், 46 கியூ (வெளிச்சம் மாறும் இடம்). அதில் ஓர் அந்தி 2 நிமிடத்தில் மெல்ல இருட்ட வேண்டும். 512 சேனல் எடுங்கள், இல்லை 1024 எடுங்கள் என்று கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேபிளும் சேர்த்து 35,000தான் முடியும். லேப்டாப் ஒன்று கையில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

வெளிச்சப்பெட்டி:
சேனலை முதலில் கூட்டிப் பாருங்கள். 12×8=96, டிம்மர் 6, மொத்தம் 102. டிஸ்கோ 240 கொடுப்பதே 192. ஆக உங்கள் சிக்கல் சேனல் இல்லை. 1024 என்றால் இரண்டு யூனிவர்ஸ் (ஒரு யூனிவர்ஸ் 512 சேனல்). ஒன்றிலேயே ஐந்தில் ஒரு பங்கைத்தான் தொடுகிறீர்கள்.

நாடகத்துக்கு வேண்டியது கியூ லிஸ்ட். ஒரே ‘கோ’ பட்டன். அழுத்த அழுத்த 1, 2, 3 என்று போக வேண்டும். ஒவ்வொரு கியூவுக்கும் தனி ஃபேட் நேரம் (வெளிச்சம் மெல்ல மாற எடுக்கும் நேரம்) அதிலேயே பதிந்திருக்க வேண்டும். டிஸ்கோ 240 டிஜேக்காகச் செய்தது. ஒரு பேங்குக்கு (தொகுப்புக்கு) 8 சீன் (பதிந்து வைத்த வெளிச்ச நிலை), 30 பேங்க், அதனால்தான் 240. ஃபேட் நேரம் ஒரு ஸ்லைடரில் இருக்கிறது, சீனோடு சேமிக்க வழி இல்லை. கியூ 8 முடிந்து 9க்குப் போக பேங்க் மாற்றி, ஸ்லைடரை நகர்த்தி, சீன் பட்டனை அழுத்த வேண்டும். இருட்டில் 46 முறை இதைச் செய்தால் எங்காவது ஒன்று தவறியே தீரும்.

எந்த போர்டு வாங்கினாலும் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 5 கியூ பதியுங்கள். ஃபேட் 0, 3, 10, 60, 5 விநாடி என்று வேறு வேறாக இருக்கட்டும். 2க்கும் 3க்கும் நடுவே 2.5 நுழையுங்கள். 60 விநாடி ஃபேட் பாதியில் இருக்கும்போது ‘கோ’ அழுத்துங்கள். வெளிச்சம் இருந்த இடத்திலிருந்தே அடுத்ததற்கு வழுக்கிப் போக வேண்டும், குதிக்கக் கூடாது. பிறகு பிளக்கைப் பிடுங்கி மறுபடி போடுங்கள், பதிந்ததெல்லாம் இருக்கிறதா? கடைசியாகப் பென்டிரைவில் சேமித்துத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். அவோலைட்ஸ் பேர்ல் போர்டின் நகல்கள் ஷார்பி (சுழலும் கற்றை விளக்கு) சுழற்ற நல்லவைதான், ஆனால் இந்தச் சோதனையைத் தாண்டாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நீலஜெல்:
இந்தத் தொகைக்கு நான் போர்டே வாங்க மாட்டேன். லேப்டாப்பில் க்யூஎல்சி பிளஸ் என்ற லைட் சாஃப்ட்வேரைப் போடுங்கள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். காசு போக வேண்டிய இடம் லேப்டாப்பை விளக்குகளோடு இணைக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ். பாதிக்கு மேல் அதற்கே போனாலும் பரவாயில்லை.

என்டெக் ஓப்பன் டிஎம்எக்ஸ் வகையில் டிஎம்எக்ஸ் (விளக்குகளுக்குக் கட்டளை போகும் முறை) சிக்னலின் நேரக் கணக்கை லேப்டாப்பே பார்க்க வேண்டும். விண்டோஸ் வேறு வேலையில் மாட்டினால் விளக்கு துடிக்கும். டிஎம்எக்ஸ் யுஎஸ்பி ப்ரோ வகையில் உள்ளேயே ஒரு புராசஸர் இருக்கிறது. சாஃப்ட்வேர் தொங்கிப்போனாலும் கடைசியாக வந்த நிலையையே அனுப்பிக்கொண்டிருக்கும், மேடை இருண்டு போகாது. பிந்தியதைத்தான் எடுங்கள்.

கியூ போடும் விதம்: ஒவ்வொரு கியூவும் ஒரு சீன். சீன்களை ஒரு சேஸரில் (சீன்களின் வரிசை) அடுக்குங்கள். ரன் ஆர்டர் சிங்கிள் ஷாட், ஃபேட் இன் ‘பெர் ஸ்டெப்’, ஹோல்ட் (கியூ நிற்கும் நேரம்) முடிவிலி. ஹோல்டில் எண் இருந்தால் கியூ தானாக அடுத்ததற்கு ஓடிவிடும், பலர் இடறுவது இதில்தான். பிறகு வர்ச்சுவல் கன்சோலில் கியூ லிஸ்ட் வைத்து, ‘நெக்ஸ்ட்’டுக்கு ஸ்பேஸ் பாரைக் கொடுங்கள்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். ஒவ்வொரு சீனிலும் எல்லா விளக்கின் எல்லாச் சேனலும் இருக்கட்டும், 0 ஆக இருந்தாலும். விட்ட சேனல் முந்தைய கியூவின் மிச்சத்தோடு நின்றுவிடலாம். அடுத்தது, பாரில் ஸ்ட்ரோப் (படபடவென மின்னுவது), மேக்ரோ (விளக்கிலேயே தயாராக இருக்கும் எஃபெக்ட்) சேனல்கள். பல மாடல்களில் 1 டிம்மர், 2 முதல் 5 வரை நிறம், 6 ஸ்ட்ரோப், 7 மேக்ரோ, 8 வேகம். உங்களுடையதில் வரிசை வேறாக இருக்கலாம், ஃபேடரை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்துவிடுங்கள். மேக்ரோவை 0 இலிருந்து 200க்கு ஃபேட் செய்தால் வழியில் உள்ள எல்லா எஃபெக்டையும் காட்டிக்கொண்டே போகும். சேனல் பிராப்பர்ட்டியில் ‘கேன் ஃபேட்’ டிக்கை அந்தச் சேனல்களுக்கு எடுத்துவிடுங்கள்.

ஷோவுக்கு முன் ஸ்லீப், வைஃபை, அப்டேட், யுஎஸ்பி பவர் சேவிங் நான்கும் அணைந்திருக்க வேண்டும். காசு மிஞ்சினால் கோர்க் நானோகன்ட்ரோல் 2 ஒன்று. 8 ஃபேடர் கிடைக்கும், ஒத்திகையில் மவுஸைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

ஒயர்கூடை:
மேலே சொன்னதற்கு எதிர்ப்பில்லை, ஆனால் கேபிளுக்கு 5,000 ஒதுக்காமல் எதையும் வாங்காதீர்கள். மைக் கேபிளில் டிஎம்எக்ஸ் 10 மீட்டருக்கு ஓடும். ‘ஓடுகிறதே’ என்று 40 மீட்டருக்கு நீட்டினால் கடைசி இரண்டு பார் பைத்தியம் பிடித்ததுபோல் மின்னும். 110 அல்லது 120 ஓம் டிஎம்எக்ஸ் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். ஒய் கேபிள் போட்டு இடப்பக்கம் வலப்பக்கம் பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் ஆப்டோ ஸ்ப்ளிட்டர் (சிக்னலைப் பல வரிசையாகப் பிரிக்கும் பெட்டி).

கடைசி விளக்கின் அவுட்டில் டெர்மினேட்டர்: ஓர் ஆண் எக்ஸ்எல்ஆர் (கேபிள் முனையில் இருக்கும் பிளக்), பின் 2க்கும் 3க்கும் நடுவே 120 ஓம், கால் வாட் ரெசிஸ்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பற்றவைக்க ஐந்து நிமிடம். மின்னுகிறது என்று பாரைக் கழற்றுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

கரண்ட்: நான்கு ஹேலஜனும் முழுதாக எரிந்தால் 4000 வாட், 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல். பள்ளி அரங்கின் 15 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. டிம்மர் பேக்குக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், அதுவும் எலக்ட்ரீஷியனை வைத்து. எல்இடி பாரை டிம்மர் அவுட்டில் சொருகவே கூடாது, உள்ளே இருக்கும் பவர் சப்ளை போய்விடும்.

திண்ணைமேடை:
நன்றி தோழர்களே, தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். அந்தி ஃபேடில் எல்இடி படிப்படியாக இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. சாஃப்ட்வேர் மாற்றினால் சரியாகுமா? லேப்டாப்பே நின்றுவிட்டால் என்ன செய்வது?

வெளிச்சப்பெட்டி:
சாஃப்ட்வேரால் சரியாகாது. 8 பிட் என்றால் மொத்தமே 255 படி. 120 விநாடிக்குப் பிரித்தால் ஒரு படிக்கு அரை விநாடி. மேலே தெரியாது, கடைசி 20 படியில் ஒவ்வொன்றும் தெரியும். பார் மெனுவில் டிம்மர் கர்வ் அல்லது டிலே இருந்தால் போட்டுப் பாருங்கள். நான் சொல்வது, அந்தியை ஹேலஜனுக்கே கொடுங்கள். இழை சூடு ஆற நேரம் எடுப்பதால் படிகள் மழுங்கிவிடும், இறங்க இறங்க தானாகவே சிவக்கும். எல்இடியை முதல் 40 விநாடிக்குள், ஹேலஜன் இன்னும் பாதிக்கு மேல் எரியும்போதே இறக்கி முடித்துவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

நீலஜெல்:
இரண்டாவதற்கு அந்த டிஸ்கோ 240ஐயே வைத்துக்கொள்ளலாம். பார்களுக்கு முகவரி (தொடங்கும் சேனல் எண்) 1, 9, 17, 25 என்று 89 வரை. டிம்மர் பேக் 97. டிஸ்கோ 240 ஒரு ஃபிக்ஸருக்கு (ஒரு விளக்குப் பட்டனுக்கு) 16 சேனல் ஒதுக்கும். ஆகவே ஃபிக்ஸர் பட்டன் 1இல் பேஜ் ஏ முதல் பார், பேஜ் பி இரண்டாவது பார். ஆறு பட்டனில் 12 பாரும் அடங்கிவிடும், ஏழாவது பட்டன் சரியாக 97இல் தொடங்கும். ஒரு விளக்கிலும் முகவரி மாற்ற வேண்டாம்.

முதல் பேங்கில் 8 சீன் பதிந்து வையுங்கள்: முழு வெளிச்சம், பகல், இரவு, நடு மேடை மட்டும் என்று. லேப்டாப் நின்றால் இன்டர்ஃபேஸிலிருந்து எக்ஸ்எல்ஆரைப் பிடுங்கி போர்டில் சொருகி சீன் பட்டனை அழுத்துங்கள். விளக்குகள் தாறுமாறாக நடந்துகொண்டால் பின்பக்கம் டிஎம்எக்ஸ் போலாரிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். ஷோ அன்றைக்குப் பார்க்காமல் முந்தின நாள் ஒத்திகையிலேயே ஒருமுறை மாற்றிச் சொருகிப் பார்த்துவிடுங்கள்.