'இரத்த மருந்திருப்பு' சரிவருமா?

> 'மருந்தளவுக் கண்காணிப்பு' என்றே வைத்துவிடலாமே. எளிதாகப் புரிகிறது.

ஐயா, வணக்கம். வீட்டிலேயே சொட்டு இரத்தம் எடுத்துத் தபாலில் அனுப்பும் மருந்துச் சோதனையின் துண்டறிக்கைக்குத்தான் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். நீங்கள் சொன்ன பெயர் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. மருந்து உறையில் 'அளவு: காலை 1, இரவு 2' என்று பார்த்துப் பழகியவருக்கு மருந்தளவு என்றால் விழுங்கும் அளவுதான். நாம் பெயர் தேடுவது, விழுங்கிய மருந்து இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதற்கு. வலிப்பு மருந்தில் இந்த இரண்டையும் குழப்பினால் ஆபத்து. பினைட்டோயின் என்ற வலிப்பு மருந்தையே பாருங்கள். ஈரல் அதைச் சிதைக்கும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை நெருங்கியவருக்கு மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து சட்டென்று எகிறிவிடும். லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை என்பது வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால் கண் ஆடும், நடை தள்ளாடும். எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒருவர் தள்ளாடி வந்தால் 'காலையிலேயே ஊத்திட்டான்' என்றுதான் பேசுவார்கள். மாத்திரை யாருக்கும் நினைவுக்கு வராது.

'மருந்து மட்டம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மட்டமான மருந்து என்று படிப்பார்கள், வேண்டாம். 'செறிவு' சரியான சொல், ஆய்வக அறிக்கையில் அது இருக்கட்டும். ஆனால் இங்கே மலேசியாவில் இடைநிலைப் பள்ளி அறிவியலை மலாயில் படித்தவர்களிடம் 'கெப்பெக்காத்தான்' என்றால் தலையாட்டுவார்கள், செறிவு என்றால் விழிப்பார்கள்.

என் பரிந்துரை: இரத்த மருந்திருப்பு. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு இரத்தத்தில் மிச்சம் என்ன என்பதைத்தானே பெரும்பாலும் பார்க்கிறார்கள். வீட்டிலேயே எடுப்பதன் வசதியும் அங்கேதான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு பஸ் பிடித்து, இரத்தம் எடுக்கும்வரை காலை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எழுந்ததும் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டைத் தாளில் விழவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

தாளில் காய்ந்த அந்தச் சொட்டுக்கு 'உலர் குருதிப் பொட்டு'. 'புள்ளி' என்றால் தசமப் புள்ளியோடு மோதும். முறை ஒன்றும் புதிதல்ல. பச்சிளங்குழந்தைகளின் குதிகால் இரத்தத்தைத் தாளில் எடுத்துச் சோதிப்பதை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி 1963இலேயே எழுதிவிட்டார்.

---

அண்ணே, பொட்டுக்கு என் ஓட்டு. 'இருப்பு' என்ற சொல்லில் ஒரு சிக்கல். நான் கிளினிக் மருந்துக் கவுண்டரில் வேலை செய்கிறேன். 'மருந்து இருப்பு இல்லை' என்றால் ஸ்டாக் தீர்ந்துவிட்டது, அப்புறம் வாங்க என்றுதான் பொருள். துண்டறிக்கையில் 'மருந்திருப்பு குறைவு' என்று அச்சடித்தால் கவுண்டரில் வந்து சண்டை போடுவார்கள்.

இன்னொன்று. தாளில் பொட்டு எவ்வளவு பரவும் என்பது இரத்தத்தில் சிவப்பணு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சோகை உள்ளவருக்கு அகலமாகப் பரவும், கணக்கு பிசகும். அதனால்தான் 10, 20 மைக்ரோலிட்டர் என்று குறித்த அளவை மட்டும் உறிஞ்சும் முனை வைத்த குச்சியும் வந்திருக்கிறது. அதில் பொட்டே கிடையாது. அதற்கும் பொருந்துகிற பொதுப்பெயர் வேண்டுமே?

---

தம்பி சொன்னது நியாயம். 'இரத்த' என்பதை எந்த இடத்திலும் விடாமல், 'இரத்த மருந்திருப்பு' என்று முழுதாகவே எழுதுவோம். சுருக்கினால்தான் சண்டை. இரண்டுக்கும் பொதுவாக 'உலர்குருதி மாதிரி', தாளில் எடுத்தது 'பொட்டு', குச்சியில் எடுத்தது 'உறிஞ்சுமுனை'. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பாக்கி இருப்பது, ஈரம் இழுக்க மாதிரியோடு பையில் போடும் அந்தச் சின்னப் பொட்டலம். நம் ஊர் ஈரக்காற்றில் அது இல்லாமல் மாதிரியைத் தபாலில் அனுப்ப முடியாது. 'ஈரமுறிஞ்சி' என்று வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே 'தின்னக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.