ஹட்டனா கொழும்பா: காசாளர் சம்பளத்தில் கையில் மிஞ்சுவது எங்கே?

கேள்வி:
ஹட்டனில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருக்கிறேன். கொழும்புக்கு மாற்றம் கேட்கச் சொல்லி வீட்டில் ஒரே வற்புறுத்தல். வரியெல்லாம் போனபிறகு அங்கே கூடுதலாக மிஞ்சுமா?

பதில்:
தங்கச்சி, வரியில் ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரை வருமான வரி கிடையாது, அதற்கு மேல் முதல் படியில் 6 சதவீதம், அதாவது 160,000 எடுத்தால் 600 ரூபாய்தான் போகும். சேமலாப நிதிக்கு 8 சதவீதம் எங்கிருந்தாலும் வெட்டுவார்கள். ஆகவே கணக்கு முழுக்க வாடகையில்தான் நிற்கிறது.

பதில்:
நான் பண்டாரவளையிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குப் போனேன். அடிப்படைச் சம்பளம் அதேதான்! அறை வாடகை, கடைச் சாப்பாடு, மாதம் இரண்டு தடவை ஊருக்கு ரயில் எல்லாம் போக, வீட்டுக்கு அனுப்பும் காசு பாதியாகிவிட்டது. பதவி உயர்வு உறுதியென்றால் மட்டும் போங்கள்.

பதில்:
மலையகம் என்றாலே மலிவு இல்லை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு அறை கிடைப்பதே பெரும்பாடு. சொந்த வீட்டிலிருந்து போய்வர முடிந்தால்தான் லாபம்.

கேட்டவர்:
சரி அக்கா, நன்றி. எனக்கு வீடு டிக்கோயாவில், பஸ் காசு மட்டும்தான். இந்த வருஷம் மாற்றம் கேட்கவில்லை.