நெடுந்தூரப் பயணம்: காரா, ரயிலா?

கேள்வி:
நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும், கிட்டத்தட்ட 2000 கிலோமீட்டர். நான், மனைவி, ஆறு வயதுப் பையன். ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டும்தான். நினைத்த இடத்தில் நிறுத்திப் போகலாம் என்று எனக்குக் கார் ஆசை, வீட்டில் ரயில்தான் என்கிறார்கள். எது சரிப்படும்?

பதில்:
ஒருத்தர்தான் ஓட்டுவது என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில். பெட்ரோலை மட்டும் கணக்குப் போட்டுக் கார் மலிவு என்று நினைக்காதீர்கள், சுங்கம், வழியில் தங்கும் அறை, டயர் தேய்மானம் எல்லாம் அப்புறம்தான் தெரியும்.

பதில்:
செலவு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. டிக்கெட் தலைக்கு ஒன்று, காருக்குப் பெட்ரோல் மூன்று பேருக்கும் ஒன்றுதானே! ஆனால் இரவில் மட்டும் ஓட்டாதீர்கள். அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும், காபி குடித்தாலும், பாட்டைச் சத்தமாக வைத்தாலும், கண் திறந்தபடியே இரண்டு மூன்று நொடி தூங்கிவிடுவோம், நமக்கே தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி என்றால் வண்டி 80 மீட்டருக்கு மேல் தானாகப் போயிருக்கும். பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். அப்படிப் பார்த்தால் ஒரு வழிக்கே மூன்று நாளாவது ஒதுக்க வேண்டும்.

பதில்:
போகிற ஊரில் வண்டி தேவைப்படுமா? அதைச் சொல்லவே இல்லையே. தேவை என்றால் ரயிலில் போய் அங்கே வாடகைக்கு எடுங்கள்.

கேட்டவர்:
இரண்டு நாள்தான் தேவைப்படும். சரி, படுக்கை வசதி டிக்கெட் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.