வைத்தாங்கி ஒப்பந்தம்: 1840 கையெழுத்துக்கு இன்னும் எத்தனை நாள் பணம் கட்டணும்?

வழிப்போக்கன்: 1840-ல நியூசிலாந்தோட பூர்வகுடி மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் போட்டதுதான் வைத்தாங்கி ஒப்பந்தம். அதோட கோட்பாடுகள் என்னன்னு சட்டத்துலயே வரையறுக்க அந்நாட்டு அரசியல்வாதி டேவிட் சீமோர் கொண்டுவந்த மசோதா 2025 ஏப்ரல்ல நாடாளுமன்றத்துல 11-க்கு 112-னு தோத்துச்சு. மாவோரி எம்.பி. ஒருத்தர் மசோதாவைக் கிழிச்சு ஹக்கா (மாவோரிகளோட பாரம்பரிய நடனம்) ஆடின வீடியோவை எல்லாரும் கொண்டாடினீங்க. சட்டத்துக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுன்னு சீமோர் கேட்டதுல என்ன தப்பு?

கரிசல்: நிலமெல்லாம் கைமாறின பிறகு "எல்லாரும் ஒண்ணு"ன்னா இடிக்குதே. ஒப்பந்தத்தோட இரண்டாம் ஷரத்தைப் படிங்க. நிலம் மாவோரிகளுக்கே சொந்தமாம். ஆனா விக்கிறதுன்னா அரசுக்கு மட்டும்தானாம். வாங்குறது ஒரே ஆள்னா விலையை யார் வைப்பா? 1848-ல தெற்குத் தீவுல அரசு நிலம் வாங்கின கெம்ப் பத்திரம். ஒரு கோடி ஏக்கருக்கு மேல, வெறும் 2,000 பவுண்டு! குடியிருப்பும் உணவு எடுக்கிற இடங்களும் உங்களுக்கேன்னு எழுதிட்டு, அளந்து விட்டது தலைக்குச் சுமார் 10 ஏக்கர்.

வழிப்போக்கன்: அதுக்குத்தான் 1998-ல அந்தத் தெற்குத் தீவு மாவோரிக் குலமான ஙாய் தாஹு மக்களுக்கு 17 கோடி நியூசிலாந்து டாலர் குடுத்து மன்னிப்பும் கேட்டாச்சே. இதோட கணக்கு முடிஞ்சுதுன்னு கையெழுத்து. ஆனா எல்லா மாவோரிக் குலங்களுக்கும் குடுக்கிற மொத்த இழப்பீடு 1994 மதிப்புல 100 கோடியைத் தாண்டினா இவங்களுக்கு மேற்கொண்டு 16.1 சதவீதம்னு ஒரு ஷரத்து வேற. முடிஞ்சுதுன்னா முடியணும்ல?

கரிசல்: அந்த 100 கோடி வரம்பை வச்சது யாரு? அரசாங்கம். முதல்ல கையெழுத்துப் போட்டவன் ஏமாளி ஆகிடக்கூடாதுன்னுதான் அந்த ஷரத்து.

சும்மா வந்தவன்: ரெண்டு பேரும் வித்தது வாங்கினதுலயே நிக்கிறீங்க. 1863-ல அரசு மாவோரிகள் மேல நடத்தின போருக்கு அப்புறம் வடக்குத் தீவோட வைகாட்டோ பகுதில சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் பண்ணாங்களே, அதுக்குப் பத்திரமே கிடையாது. 1877-ல தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் ஒப்பந்தமே செல்லாதுன்னுட்டார். ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கத் தீர்ப்பாயம் வந்தது 1975-ல, அதுவும் புதுப் புகாருக்கு மட்டும். 1840 வரைக்கும் போய் விசாரிக்க 1985 ஆச்சு. "பழசைக் கிளறாதே"ன்னா எப்பத்தான் கேக்கறது?

வழிப்போக்கன்: பறிச்சதுக்குக் காசு குடுக்கறதை நான் எங்கங்க எதிர்த்தேன்? ஒப்பந்தத்துல இருக்கிறது மூணே ஷரத்து. "கூட்டாளி மாதிரி நடக்கணும்"னு 1987-ல நீதிமன்றம் சேத்ததுதான் என் பிரச்சினை.

கரிசல்: "கோட்பாடுகளுக்கு முரணா நடக்கக்கூடாது"ன்னு 1986 அரசு நிறுவனச் சட்டத்துல எழுதினதே நாடாளுமன்றம்தான் சார். அரசு நிலத்தைக் கம்பெனிகளுக்கு மாத்திட்டா திருப்பிக் குடுக்க முடியாதேன்னு மாவோரி கவுன்சில் வழக்குப் போட்டுச்சு. நீதிமன்றம் அர்த்தம் சொல்லித்தானே ஆகணும்? ரெண்டு பேர் போட்ட ஒப்பந்தத்துக்கு எண்ணிக்கைல பெரிய தரப்பு மட்டும் ஓட்டுப் போட்டு அர்த்தம் மாத்தலாமா?

வழிப்போக்கன்: அப்ப தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதி மட்டும் மாத்தலாமா?