வடரஷ்யக் காட்டு ஊருக்குக் கதைக்கரு தேவை

கேள்வி: நண்பர்களுடன் ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுக்காக, வடரஷ்யக் காடுகளை ஒத்த கற்பனை ஊர் ஒன்றை அமைத்து வருகிறேன். அங்குள்ள மக்களின் பழைய நம்பிக்கைகளிலிருந்து சாகசத்துக்கு ஏற்ற தொடக்கம் ஏதேனும் கிடைக்குமா?

பதில்: லேஷி என்னும் காட்டுக் காவலனை விட்டுவிடாதீர்கள். மரங்களுக்கிடையே மர உயரம் வளர்ந்தும், காட்டோரத்தில் புல்லளவு சுருங்கியும் நிற்பவன் என்பார்கள். மாடு மேய்ப்பவர்கள் கோடை முழுவதும் மந்தையைக் காத்துத் தரும்படி மந்திரவாதி ஒருவர் வழியாக அவனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதற்கு ஈடாக முடி வெட்டாமலும் காட்டுப் பழங்களைப் பறிக்காமலும் நோன்பு காத்ததுண்டு. ஒரு மாலை மந்தை திரும்பவில்லை. மேய்ப்பனின் விரல்களில் நீலப் பழக்கறை, அவனோ வாய் திறக்க மறுக்கிறான். அங்கிருந்து தொடங்கலாம்.

மற்றொரு பதில்: நல்ல கரு. ஆனால் லேஷியை வெட்டி வீழ்த்தவேண்டிய அரக்கனாக்கினால் சுவை கெட்டுவிடும். பேரம் பேசவேண்டியவனாகவே இருக்கட்டும். வழி தவறியவர்கள் உடையின் உட்புறம் வெளியே தெரியும்படி அணிந்து, காலணிகளைக் கால் மாற்றிப் போட்டால் அவனுடைய மயக்கு விலகும் என்ற நம்பிக்கையை, ஊர்க் கிழவி ஒருத்தியின் வாயிலாக முன்னரே சொல்லிவையுங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. மேய்ப்பனுக்கு அந்த உடன்படிக்கையைப் பெற்றுத்தந்த மந்திரவாதி யார் என்பதை மட்டும் கடைசிவரை மறைத்து வைக்கப்போகிறேன்.