இரண்டு தலை வில்லன்: ஒரு தலை திரும்பினால் மற்றதன் கன்னமும் இழுபடுகிறது

பிளெண்டர் 4.2 என்ற 3டி மென்பொருளில் இரண்டு தலை வில்லன் ஒருவனை அனிமேஷன் செய்கிறேன். தலைகள் ஓயாமல் சண்டை போடும்; அதுதான் அவனுக்கு உயிர். இடது தலை கத்திக்கொண்டே வெடுக்கென்று திரும்பும்போது வலது தலையின் கன்னமும் காதோரமும் சேர்ந்து இழுபடுகின்றன. மெதுவான அசைவில் தெரிவதில்லை, கோபத் திருப்பங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது.

போன வாரம் ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ் (உள்ளே இருக்கும் எந்த எலும்பு தோலின் எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கும் என்பதை மென்பொருளே கணிப்பது) போட்டதிலிருந்தே இந்தத் தொல்லை. வெயிட் பெயிண்டில் (அந்த அளவுகளைத் தூரிகையால் மாற்றும் முறை) கையால் அழித்தேன், நார்மலைஸ் ஆல் (ஒவ்வொரு புள்ளியிலும் வெயிட்டுகளின் கூட்டுத்தொகையை 1 ஆக்குவது) கொடுத்தேன், அப்புறம் கழுத்து எலும்புகளைத் தள்ளி வைத்தும் பார்த்தேன். கன்னம் சரியானால் கழுத்துகள் தோளில் சேரும் இடம் காகிதம் போல மடங்குகிறது. தலைகளைத் தனி மெஷ்ஷாக (உருவத்தின் தோலாக அமையும் வலை) வெட்ட மனமில்லை, ஒட்டுப்போட்டது தோலில் தெரியும்.

கன்னத்தை விடுவித்து, கழுத்து சேரும் இடத்தை மட்டும் மிருதுவாக வைக்க எந்த எலும்புக்கு எவ்வளவு வெயிட் கொடுக்க வேண்டும்?